சோறு இல்லாத இலை

“…இத்தனை சொல்லியும் கேக்கலீங்களே. இனிமேட்டு நீங்க இந்தக் கூடத்துல உக்கார வேண்டாமுங், கண்டக்டரே. எந்திரிங்” என்று அந்த ஓட்டல்கார அம்மாள் சொன்னபோது, இலையிலிருந்து கீரையை எடுத்த என் கை வாய்க்குப் பாதி வழி வந்திருந்தது.

பாதிச் சாப்பாட்டில் ஒரு ஆளை இலையிலிருந்து எழுப்புவது எங்கள் பக்கத்தில் செருப்பால் அடிப்பதற்கு ஒரு படி மேல். பகையாளி வீட்டில்கூட உட்கார்ந்தவன் கை கழுவும் வரை பொறுப்பார்கள். எனக்கோ அது கோபாலபுரத்தில், செக்போஸ்டுக்குப் பக்கத்து ஓட்டலில், சந்தைக்குப் போகிற ஒரு பஸ் ஜனம் பார்த்திருக்க, பட்டப்பகலில் நடந்தது. நான் ஒன்றும் ஊசிப்போன குழம்பு என்று சத்தம் போடவில்லை. பல்லி விழுந்தது என்று சொல்லவில்லை. சோறு வேண்டாம் என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி என் நாக்கு தேய்ந்திருந்தது.

கேரளம் தனி மாநிலமான அடுத்த வருஷம் அது. பாலக்காட்டிலிருந்து சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போகிற ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களின் வாயிலிருந்துதான். என் வீட்டுக்காரி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். ஆகவே காலை, மதியம், இரவு மூன்று வேளையும் ஓட்டல். படுக்கை பஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு அறையில், டிரைவரண்ணனோடு.

ஒருநாள் சித்தூரில் பஸ் மேலிருந்து இறக்கிய வெல்ல மூட்டை கை நழுவி என் இடதுகால் கட்டைவிரலில் விழுந்தது. நகம் கறுத்தது. ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று நினைத்தேன். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. நகத்து ஓரத்தில் சீழ் கட்டி, செருப்பைக் கழற்றினால் டிரைவரண்ணன் ஜன்னலைத் திறந்து வைக்கிற நிலைக்கு வந்துவிட்டது. அவர்தான் என்னைப் பாலக்காட்டில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் தலைமுறை தலைமுறையாகப் பாலக்காட்டிலேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். வயதானவர். விரலை ஒரு கணம்தான் பார்த்தார். ஒரு புட்டியைக் கொடுத்து மூத்திரம் பிடித்து வரச் சொன்னார். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என்னுடையதில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. மஞ்சள் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. நான் அதை ஒரு வேடிக்கை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சந்தோஷப்படாதேயும். நீலம் நீலமாவே இருக்கணும். இது உடம்பெல்லாம் சர்க்கரைன்னு சொல்றது” என்றார். உள்ளுக்கு ஒரு மருந்தும் விரலுக்கு ஒரு மஞ்சள் மருந்தும் கொடுத்துவிட்டு, விரல் விட்டு எண்ணினார். “சோறு தொடப்படாது. இட்லி, தோசை, உப்புமா, பூரி ஒண்ணும் கூடாது. கிழங்கு கூடாது. பழம், சர்க்கரை, வெல்லம் மூச்சு விடப்படாது. கீரை தின்னும், காய் தின்னும், மோர் குடியும். நீங்கள்லாம் முட்டையும் மாமிசமும் சாப்பிடறவா, உமக்கு என்ன கஷ்டம்? நாலு வாரம் டயம் தரேன். அதுக்குள்ள இந்தக் குழாய் நீலத்துக்கு வரணும். வரலைன்னா இந்த விரல் எனக்கு, மீதி நாலும் உமக்கு.”

வெளியே வந்ததும் டிரைவரண்ணன் சொன்னார்: “சக்கரை உள்ளுக்குள்ள இருந்து செய்ய வேண்டிய வேலைய வெல்ல மூட்டை வெளிய இருந்தே செஞ்சு போட்டுதப்பா.” அவருக்கு எதிலும் சிரிக்க ஒரு இடம் கிடைத்துவிடும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி, படிக்கட்டில் தொங்கியபடி பிழைக்கிறவன் நான். கட்டைவிரல் இல்லாத கண்டக்டரை முதலாளி ஷெட்டில் உட்கார வைத்துச் சோறு போட மாட்டார்.

சரி, வாயைக் கட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். வாயைக் கட்டுவது சுலபம். ஓட்டல்காரர்களின் கையைக் கட்டுவதுதான் முடியாத காரியம் என்பது மறுநாள் காலை ஆறு மணிக்கே தெரிந்துவிட்டது.

பாலக்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு காப்பி ஓட்டல். சர்வர் பட்டியலை ஒரே மூச்சில் ஒப்பித்தார்: இட்லி, தோசை, ரவா தோசை, பொங்கல், பூரி, உப்புமா, இடியாப்பம். நான் மனதுக்குள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். முடிவில் ஒன்றும் மிஞ்சவில்லை. “மாவு, அரிசி இல்லாம ஏதாவது இருக்குங்களா?” என்று கேட்டேன். அவர் சமையற்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “சட்னி இருக்கு” என்றார்.

“அப்ப சட்னியும் சாம்பாரும் கொண்டு வாங்க.”

“எதுக்கு?”

“சாப்பிடறதுக்குத்தாங்க.”

“அது தெரியறது. சட்னி எதுக்குத் தொட்டுக்க?”

கடைசியில் அவர் பெரிய மனது பண்ணி, ஒரு கிண்ணம் சாம்பாரைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே இரண்டு இட்லி மூழ்கிக் கிடந்தது. ஏனென்று கேட்டால், வெறும் சாம்பார் வாங்கினால் மற்றவர்கள் ஏதோ நினைப்பார்களாம், என் மானத்துக்காகப் போட்டாராம். காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன். டம்ளரைப் பார்த்தால் அடியில் அரை அங்குலம் சர்க்கரை. “ஆத்தாம கொண்டு வந்திருக்கேன். கலக்காம மேலாகக் குடிச்சா அதுதான் சர்க்கரை இல்லாத காப்பி” என்று எனக்குக் குடிக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். கோபத்தில் கலக்கிக் குடித்துவிட்டேன். இப்படித்தான் முதல் நாள் தொடங்கிற்று.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு சாயாக்கடை. மலையாளத்துக்காரர் வைத்திருந்தார். புட்டும் கடலைக்கறியும் அங்கே பேர் போனது. புட்டு வேண்டாம், கடலைக்கறி மட்டும் போதும் என்றேன். அவர் மறுக்கவில்லை, ஒரு தட்டு நிறையக் கடலை கொடுத்தார். ஆஹா, பிழைத்தோம் என்று உட்கார்ந்தால், பக்கத்திலேயே அவித்த கப்பை, அதாவது மரவள்ளிக் கிழங்கு, ஒரு குன்று. “கப்பை சோறல்லல்லோ”, கிழங்கு சோறில்லையே என்றார். எனக்கு வயிறு வாடிவிடக் கூடாதே என்று அவர் கண்ணில் அப்படி ஒரு கவலை. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எப்படித் தட்டைத் தள்ளுவது? தள்ளினேன். அவர் முகம் அன்றைக்கு வாடியது, நான் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தும் வரை நிமிரவில்லை. திட்டுகிறவனிடமிருந்து தப்பிக்கலாம், பிரியமாகப் பரிமாறுகிறவனிடமிருந்து தப்பிக்க வழியே கிடையாது.

இதெல்லாம் சில்லறை. பெரிய இடம் கோபாலபுரம்.

பொள்ளாச்சி போகிற பஸ் மதியம் பன்னிரண்டரை மணிக்கு அங்கே நிற்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் மதராஸ் மாநிலம், மதுவிலக்கு. இந்தப் பக்கத்திலிருந்து கள்ளோ சாராயமோ போகிறதா என்று மூட்டை மூட்டையாகச் சோதிப்பார்கள். அரை மணி நேரம் ஆகும். அதற்குள் ஜனங்கள் சாப்பிட்டுவிடுவார்கள். ரோட்டின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு ஓட்டல். எங்கள் பஸ் எப்போதும் இடதுபக்க ஓட்டல் முன்னால்தான் நிற்கும். அதை நடத்தியது ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குடியானவக் குடும்பம். கிணறு வற்றிக் காடு தரிசானதும் ஓட்டல் வைக்க வந்தவர்கள். அவருடைய வீட்டுக்காரர் முன்மேசையில் உட்கார்ந்திருப்பார். அதற்கு மேல் இந்தக் கதையில் அவருக்கு வேலையில்லை. சமையல், பரிமாறல், சண்டை எல்லாம் அந்த அம்மாள்தான்.

அந்த ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. பஸ் எந்த ஓட்டல் முன்னால் நிற்கிறதோ, அங்கே டிரைவருக்கும் கண்டக்டருக்கும் இலவச இலை. தர்மத்துக்கு அல்ல. பஸ்ஸில் வருகிறவர்கள் புது ஊரில் எந்த ஓட்டலை நம்புவது என்று தெரியாமல் கண்டக்டரைத்தான் பார்ப்பார்கள். அவன் தினமும் சாப்பிடுகிற ஆள். அவன் எதைக் கேட்டு வாங்குகிறானோ அதை நாலு பேர் கேட்பார்கள். எதைத் தள்ளுகிறானோ அதை நாற்பது பேர் தள்ளுவார்கள். அதனால் கண்டக்டரின் இலையைக் கூடத்தில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி நடுவில்தான் போடுவார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், விரல் நினைப்பில் இதை மறந்து போனேன்.

முதல் நாள் “எனக்குச் சோறு வேண்டாமுங்க” என்றேன். அந்த அம்மாள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. வாங்கியிருந்தால்தான் ஆச்சரியம். எங்கள் பக்கத்தில் “வேண்டாம்” என்பதும் “போதும்” என்பதும் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தைகள். விருந்துக்குப் போனவன் முதலில் வேண்டாம் என்பான். போடுகிறவர் அட சும்மா இருங்க என்பார். அவன் கையைக் குறுக்கே நீட்டுவான். அவர் கையை விலக்கிவிட்டுப் போடுவார். இந்த ஆட்டம் ஆடாமல் “போடுங்க” என்று சொல்கிறவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆகவே நான் எவ்வளவு அழுத்தமாக வேண்டாம் என்றேனோ அவ்வளவுக்கு என்னை மரியாதைக்காரன் என்று எடுத்துக்கொண்டு, அவ்வளவுக்குச் சோறு குவித்தார். இரண்டு கையாலும் இலையை மூடினேன். “கை சுட்டுப்போடுமுங், எடுங்” என்று விரலிடுக்கில் குழம்பை ஊற்றினார்.

பக்கத்து இலையில் டிரைவரண்ணன் இருந்தார். என் சோற்றைத் தன் இலைக்குத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். அதைப் பார்த்த அம்மாள், கண்டக்டருக்கு அதற்குள் இலை காலியாகிவிட்டது என்று மறுபடியும் போட்டார். நாலே நாளில் டிரைவரண்ணன் ஸ்டியரிங் முன்னால் உட்கார மூச்சு வாங்கினார். “தம்பி, உன்ற வெரலக் காப்பாத்தப் போயி என்ற வகுறு ஒடைஞ்சு போகும்போல இருக்குதப்பா” என்று கைவிட்டுவிட்டார்.

அதற்கு மேல் தாங்காது என்று, ஐந்தாம் நாள் சமையற்கட்டு வாசலில் அந்த அம்மாளை நிறுத்தி உண்மையைச் சொன்னேன். செருப்பைக் கழற்றி, மஞ்சள் மருந்து ஊறிய துணியை அவிழ்த்து விரலையும் காட்டினேன். ஒரே ஒரு வேண்டுகோள், யாரிடமும் சொல்லக் கூடாது என்றேன். பஸ்ஸில் ஒருவர் காதில் விழுந்தால் போதும். பஸ் பாலக்காடு திரும்புவதற்கு முன்னால் முதலாளிக்குப் போய்விடும். காலில் புண், உடம்பில் சர்க்கரை என்று தெரிந்தால் விரலை வெட்டும் வரை அவர் காத்திருக்க மாட்டார்.

அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். “அட சாமி, இதைய முன்னமே சொல்றதுக்கென்னங்? என்ற வாயி செத்தாலும் தொறக்காதுங். சோறுதான வேண்டாம்? நானாச்சு” என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

மறுநாள் என் இலையில் சோறு இல்லை. அதற்குப் பதில் ஒரு தேங்காய் அளவுக்கு ராகிக் களி, நடுவில் குழி, குழியில் கீரைக் கடைசல். எனக்கென்று தனியாகக் கிண்டியது. நான் டாக்டரின் பட்டியலை மனதில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். சோறு உண்டு, இட்லி உண்டு, தோசை, உப்புமா, பூரி, கிழங்கு எல்லாம் உண்டு. களி இல்லை. களியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு உடம்புக்கு வந்தால் சோற்றை நிறுத்திக் களி கொடுப்பதுதான் வழக்கம். களி என்றால் அது பாதி மருந்து. உட்கார்ந்து உருட்டி உருட்டி விழுங்கினேன். ஒருநாள் இல்லை, பதினாலு நாள். ராத்திரிக்கும் பொள்ளாச்சியில் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்த களிதான். அத்தனை நாள் சோறு தொடாத என் கட்டுப்பாட்டை நினைத்து எனக்கே பெருமை.

மூன்றாம் வாரக் கடைசியில் டாக்டரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். குழாயில் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, எங்கேயும் நிற்காமல் நேரே செங்கல்லுக்குப் போயிற்று. முன்னைவிடச் சிவப்பு. விரலை அழுத்திப் பார்த்தார், நான் கத்தினேன்.

“என்ன தின்னீர்?”

“சோறு தொடலீங்க சாமி. சத்தியமா.”

“அது நான் கேட்கலை. என்ன தின்னீர்?”

“களிங்க.”

“அது என்ன வஸ்து?”

சொன்னேன். ராகியை அரைத்து, மாவாக்கி, கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிண்டி உருட்டுவது என்று விவரமாகவே சொன்னேன். அவர் வீட்டு அடுப்பில் ஒருநாளும் களி ஏறியதில்லை. அதனால்தான் பட்டியலில் ஏறவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஓய், தானியத்தை அரைச்சு உருட்டிட்டா அதுக்குப் புது ஜன்மமா வந்துடும்? இன்னும் எட்டு நாள் இருக்கு. அதுக்கப்புறம் எங்கிட்ட பேச்சு கிடையாது, கத்திதான். மாவுன்னு பேர் உள்ள எதுவும் உம்ம உதட்டுல படப்படாது. மனசிலாச்சா?”

மனசிலாயிற்று. ஆனால் கோபாலபுரத்து அம்மாளுக்கு ஆகவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னதும் அவருக்கு முகமே மாறிவிட்டது. “களி ஆகாதுன்னு சொல்ற டாக்டரு என்ன டாக்டருங்? என்ற அய்யன் களி தின்னுதான் கெணறு வெட்டுனாரு” என்றார். ஆனாலும் விரலைப் பார்த்தவராயிற்றே. என் இலையில் கீரையும் ஒரு பொரியலும் அவித்த முட்டையும் வைத்து, ஒரு டம்ளர் மோரும் வைத்தார். வைத்தார் என்றால் எப்படி? ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு. “ஆட்டுக்குக் கொழை கட்டுற மாதிரி ஆயிப்போச்சு என்ற பொழப்பு. சோறு இல்லாத எலை இந்தக் கூடத்துல போட்டதே இல்லீங்.” நான் தலையைக் குனிந்துகொண்டு மென்றேன்.

எட்டில் முதல் இரண்டு நாள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் மீனாட்சிபுரத்துப் பயணி ஒருவர் என் இலையை எட்டிப் பார்த்து, ஏன் சோறு வாங்கவில்லை என்று கேட்டார். பசியில்லை என்றேன். மூன்று முட்டையை வைத்துக்கொண்டு பசியில்லை என்றால் யார் நம்புவார்கள்? அவர் தன் இலைச் சோற்றை ஒரு உருண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். நான்காம் நாள் இரண்டு பேர் சோறு வேண்டாம் என்று மோர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தார்கள். அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி வெந்துவிட்டேன். மறைவாக உட்கார்கிறேன் என்றால், கண்டக்டர் ஓட்டலில் சாப்பிடவே இல்லை என்று அதற்கு ஒரு பேச்சு கிளம்பும். எதிர் ஓட்டலுக்குப் போனால், பஸ் இடம் மாறுகிறது என்று அர்த்தம். அதற்கு ரோட்டில் ரத்தம் பார்ப்பார்கள். இங்கே சாப்பிட்டாலும் குற்றம், சாப்பிடாவிட்டாலும் குற்றம். ஒரு மனிதன் கீரை தின்பதற்கு இத்தனை பேரிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

ஐந்தாம் நாள் வியாழக்கிழமை. பொள்ளாச்சிச் சந்தை. பஸ் நிறைய மாட்டு வியாபாரிகள். மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்கிறவர்கள். அவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. கூடம் நிரம்பிற்று. அம்மாள் அன்னக்கூடையில் ஆவி பறக்கச் சோறு கொண்டுவந்தார். முதல் இலையில் இருந்த பெரியவர், தலைப்பாகை கட்டினவர், என் இலையைப் பார்த்தார். பிறகு அன்னக்கூடையைப் பார்த்தார். பிறகு மறுபடியும் என் இலையைப் பார்த்தார்.

“ஏம்மா, கண்டக்டரு சோத்தத் தொடலியே. அவரு தினமும் இங்கதான திங்கறாரு? அவருக்குத் தெரியாத சங்கதியா நமக்குத் தெரியப் போவுது?” என்று கேட்டுவிட்டு, தன் இலைக்குக் குறுக்கே கையை வைத்தார். அது மரியாதைக்கு வைத்த கை இல்லை. பக்கத்தில் இருந்தவர் அரிசி எந்த ஊர் அரிசி என்று விசாரித்தார். இன்னொருவர் எதிர் ஓட்டலில் என்ன கறி என்று பேச்சுவாக்கில் கேட்டார். நாலு பேர் எழுந்தார்கள். எழுந்தவர்கள் ரோட்டைத் தாண்டுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

ஒரு வார்த்தை போதும் அந்த அம்மாளுக்கு. ‘அவருக்குச் சக்கரை வியாதி, அதனாலதான்’ என்று சொன்னால் அத்தனை பேரும் அந்த நிமிஷமே கையை எடுத்துவிடுவார்கள். அவர் சொல்லவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று எனக்குக் கொடுத்த வாக்கு அவர் தொண்டையில் நிற்பது எனக்குத் தெரிந்தது. நானாவது சொல்லியிருக்கலாம். எனக்கும் வாய் வரவில்லை. டிரைவரண்ணன் இரண்டு ஆள் சோற்றைப் பிசைந்து சத்தமாகச் சாப்பிட்டுக் காட்டினார். டிரைவர் எதையும் சாப்பிடுவார் என்று யாரோ சொன்னார்கள்.

நான் பேசாமல் சோறு வாங்கியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வாங்கவும் நினைத்தேன். கை நீண்டது. மடக்கிய காலில் கட்டைவிரல் ஒரு தடவை குத்திற்று. எடுத்த கையைக் கீரைப் பக்கம் திருப்பினேன். அப்போதுதான் அம்மாள் அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, முகம் சிவக்க, நான் முதலில் சொன்னேனே, அந்தப் பேச்சைப் பேசினார்.

எனக்கு இன்றைக்கும் இரண்டு காலிலும் பத்து விரல்கள் இருக்கின்றன. எட்டாம் நாள் குழாய் நீலத்தில் நிற்கவில்லை, பச்சையில் நின்றது. டாக்டர் அதைப் பார்த்து, கத்தி வேண்டாம் என்று இன்னும் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். ஆறு வாரத்தில் புண் மூடிற்று. அந்தப் பச்சைக்குக் காரணம் பாதி மருந்து. மீதிப் பாதி, அன்றைக்கு அந்த அம்மாள் அடுத்துச் செய்தது.

நான் எழுந்தேன். அவமானத்தில் எனக்குச் சுவர் எது கதவு எது என்று தெரியவில்லை. அம்மாள் அன்னக்கூடையைக் கீழே வைத்தார். சுவரோரம் சாத்தியிருந்த தாம்பாளத்தை எடுத்து, என் இலையை ஒரு ஓரத்தில் தூக்கி, கீரை சிந்தாமல், முட்டை உருளாமல் தாம்பாளத்துக்கு நகர்த்தினார். “என்ற பின்னால வாங்” என்று சொல்லிவிட்டு அதைச் சமையற்கட்டுக்குள் கொண்டுபோய், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு அதன் முன்னால் வைத்தார். மோர் டம்ளரையும் கொண்டுவந்து வைத்தார். “உங்க பஸ்ஸு இங்க நிக்கற வரைக்கும் தெனமும் இதுதான் உங்க எடம். கூடத்துல கேட்டா, கண்டக்டரு எங்க ஊட்டு மனுசரு, உள்ள உக்காந்து சாப்புடறாருன்னு சொல்லிக்கறேன். உள்ள என்ன திங்கறீங்கன்னு எந்த நாயும் கேக்காது” என்றார். சொல்லும்போதும் கோபம் தணியவில்லை.

பிறகு ஒரு புது இலையைத் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். நான் பலகையில் உட்கார்ந்தபடி வாசல் வழியாகப் பார்த்தேன். நான் எழுந்த அதே இடத்தில், தலைப்பாகைப் பெரியவருக்கு நேர் எதிரே, இலையை விரித்தார். அன்னக்கூடையிலிருந்து இரண்டு கரண்டி சோற்றை அள்ளிப் போட்டார். குழம்பை ஊற்றினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து ஒரு பெரிய கவளம் எடுத்து, பெரியவரைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டு மென்றார்.